ஆப்பை அணைத்த ஞாயிறு

வெளியிலிருந்து எனக்கு எல்லாம் தெரியும்.
செம்மொழிப் பூங்கா அருகே
எங்கே நிறுத்தினால் போலீஸ் விரட்டமாட்டார்,
கிண்டி பூங்கா பக்கம்
எந்தக் கடையில் டீயோடு
போனுக்குச் சார்ஜும் கிடைக்கும்,
பெசன்ட் நகரில் லீவு நாள் சாயங்காலம்
எத்தனை மணிக்கு மேல் வண்டியைத் திருப்ப முடியாது.

ஆறு வருஷமாய்
அடுத்தவர் குடும்பங்களை இறக்கிவிடுகிறேன்,
ஏற்றிக்கொள்கிறேன்.
போகும்போது கத்திக்கொண்டு போகிறார்கள்.
வரும்போது வாய்திறந்து தூங்குகிறார்கள்.
நடுவில் என்ன நடக்கிறதென்று
எனக்குத் தெரியாது.

பங்குனி மூன்றாம் ஞாயிறு
ஆப்பை அணைத்தேன்.
'நிச்சயமாகவா?' என்று அது கேட்டது.
தவணை பத்தாம் தேதி.
கட்டைவிரல் கொஞ்சநேரம் நின்றுவிட்டு
அழுத்தியது.

தமயந்தி பின்கதவைத் திறந்து
பிள்ளைகளோடு ஏறிக்கொண்டாள்.
"முன்னாடி வா."
"முன்னாடி யாரு?"
"நீதான்."
யாரோ மறந்து வைத்துப் போன பொருளைத் தொடுவதுபோல
அந்த சீட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.
பெல்ட் எங்கே மாட்டுவதென்று தெரியவில்லை.
வண்டி வாங்கி ஆறு வருஷம்.

"ஓடிபி கேக்கமாட்டியாப்பா?"
பின்னாலிருந்து ஓவியா.
கேட்டேன்.
தான் பிறந்த வருஷத்தைச் சொன்னாள்.

உள்ளே
பெரிதாக ஒன்றுமில்லை.
மரங்கள், ஒவ்வொன்றின் கழுத்திலும் பெயர்,
பள்ளிக்கூடத்தில் முதல் நாள் போல.
புங்கமரத்தடியில் துண்டை விரித்தோம்.
தரையெல்லாம் பூ.
"நம்ம வண்டி மேல விழுமே, அதுவா?"
அதேதான்.
கொளத்தூரில் தினமும் விடியற்காலை
வைப்பர் போட்டு நான் தள்ளிவிடுகிற குப்பை.
நிதின் அதைத் தண்ணீர் பாட்டில் மூடியில் அள்ளி
"சோறு" என்று நீட்டினான்.
எனக்கு, அம்மாவுக்கு, அக்காவுக்கு,
பிறகு அந்தப் பக்கம் போன தோட்டக்கார அம்மாவுக்கும்.
அவர் நிஜமாகவே மென்று காட்டினார்.

நான் இரண்டு முறை எழுந்து
வாசல்வரை போய்
வண்டியைப் பார்த்துவிட்டு வந்தேன்.
மூன்றாம் முறை எழுந்தபோது
தமயந்தி கைநீட்டிச் சாவியை வாங்கினாள்.
புளிசாதம் காலியான டப்பாவுக்குள் போட்டு
மூடினாள்.
அதன் பிறகு
எனக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
அப்படியே தூங்கிப்போயிருக்கிறேன்.
கண் விழித்தபோது
வயிற்றின்மேல் ஏழெட்டுப் பூ.
யாரும் தட்டிவிடவில்லை.

சாயங்காலம் கடற்கரை.
கயிறு கட்டி, அதற்கு இந்தப்பக்கம் ஜனங்களை நிறுத்தியிருந்தார்கள்.
ஒரு பையன் கூடையைச் சாய்த்தான்.
பங்குனி ஆமைக்குஞ்சுகள்,
ஓவியாவின் அழிரப்பர் அளவுதான் இருக்கும்,
கடலைப் பார்த்துத் துடுப்புப் போட்டன
மணலில்.
அலை வந்து சிலதை எடுத்துக்கொண்டது,
சிலதைத் திருப்பிப் போட்டது.
ஒன்று மட்டும்
ரோட்டு விளக்குகளைப் பார்த்துத் திரும்பி நடந்தது.
"அது ஏம்பா அந்தப் பக்கம் போகுது?"
எனக்கு உடனே பதில் வரவில்லை.
நானும் அந்தப் பக்கம்தான்
பார்த்துக்கொண்டிருந்தேன்,
வண்டி நிற்கும் பக்கம்.
பையன் குனிந்து
அதைத் தண்ணீர் பக்கமாகத் திருப்பிவிட்டான்.

திரும்பும்போது
பின்சீட்டில் வாய்திறந்து தூங்கினார்கள்.
கண்ணாடியைச் சற்றுக் கீழே திருப்பி வைத்து ஓட்டினேன்.
முன்சீட்டில் இருந்தவள் தூங்கவில்லை.
ஒவ்வொரு சிக்னலுக்கும்
"பச்சை விழுந்துடுச்சு" என்றாள்,
இத்தனை வருஷமும்
யார் எனக்குச் சொன்னார்கள் என்பதுபோல.

மறுநாள் காலை நாலரைக்கு
ஏர்போர்ட் சவாரி.
சாவி புளிசாதமாய் மணந்தது.
கோட்டுப் போட்ட ஒருவர்
ஷூவைத் தூக்கிப் பார்த்து,
"என்னப்பா, கீழ ஒரே மணலா இருக்கு?"
"பீச்சுக்குப் போயிருந்தோம் சார்."

யாரோடு என்று அவர் கேட்கவில்லை.
கேட்பாரென்று
கத்திப்பாரா வரை காத்திருந்தேன்.